பிரெஞ்சு இலக்கியப் பட்டப்படிப்பு: மொழி வருகிறது, விடைத்தாளில் மதிப்பெண் வரவில்லை, ஏன்?

புதுவரவு

வணக்கம். பிரெஞ்சு மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பு பற்றிக் கேட்க வேண்டும். பி2 (ஐரோப்பிய மொழித்தர அளவின் ஆறு நிலைகளில் நான்காவது) வரை படித்து, பேசவும் எழுதவும் ஓரளவு வருகிறவர்கள்கூட இலக்கியத் தாளில் 20-க்கு 7, 8 என்று நின்றுவிடுகிறார்கள். ஓரத்தில் 'பராஃப்ராஸ்', 'ஒர் சுழே' என்று இரண்டே சொற்களோடு தாள் திரும்பி வருகிறது. மொழிபெயர்ப்புத் தாள் இன்னும் மோசம். அதில் எதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதே பிடிபடவில்லை.

கொமாந்த்தேர், டிஸ்ஸெர்த்தசியோன் இரண்டுக்கும் வேறுபாடு என்ன, நாவல்களை எப்படி வாசிப்பது, உச்சரிப்பில் எதைத் திருத்திக்கொள்வது, எந்த அகராதி வைத்துக்கொள்வது, இவைதான் கேள்விகள். அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறை சொல்லுங்கள்.

வரிக்குவரி

ஓரத்தில் வந்த அந்த இரண்டு சொற்களிலேயே பாதி விடை இருக்கிறது. 'பராஃப்ராஸ்' என்றால் பனுவல் சொன்னதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். 'ஒர் சுழே' என்றால் கேட்ட கேள்வியை விட்டு அதன் பக்கத்துக் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே மொழிப்பிழை அல்ல. அதனால் இலக்கணத்தை எவ்வளவு தேய்த்தாலும் இந்த 7 மதிப்பெண் 12 ஆகாது.

முதலில் கொமாந்த்தேர். 20 முதல் 40 வரி கொண்ட ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். அதை இரண்டு வழியில் கையாளலாம். பகுதியைச் சில 'மூவ்மான்'களாக, அதாவது பொருள் நகரும் கட்டங்களாகப் பிரித்து வரிசை மாறாமல் விளக்கிக்கொண்டு போவது ஒன்று. அதற்கு எக்ஸ்ப்லிகசியோன் லினெயேர் என்று பெயர், பெரும்பாலும் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். வரிசையை உடைத்து இரண்டு மூன்று அச்சுகளின் (வாசிப்புக் கோணங்களின்) கீழ் ஒழுங்குபடுத்துவது மற்றொன்று, அதுதான் கொமாந்த்தேர் கொம்ப்போஸே. வினாத்தாள் எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எழுதத் தொடங்குவது முதல் பிழை.

ஒவ்வொரு பத்தியிலும் மூன்று இருக்க வேண்டும்: நீங்கள் கவனித்த உத்தி, அதைக் காட்டும் மேற்கோள், அந்த உத்தி அங்கே செய்கிற வேலை. மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். 'மழை பெய்துகொண்டிருந்தது. அவள் சன்னலைத் திறந்தாள்' என்று இரண்டு வாக்கியம் இருப்பதாகக் கொள்ளுங்கள். பிரெஞ்சில் முதல் வினை ஆம்பார்ஃபே (தொடர்ந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம்), இரண்டாவது பாஸே சாம்ப்ள் (முடிந்த செயலைச் சொல்லும் எழுத்துவழக்கு இறந்தகாலம்). 'ஆசிரியர் ஆம்பார்ஃபே பயன்படுத்துகிறார்' என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் கிடையாது. தொடக்கமும் முடிவும் தெரியாத மழை பின்னணியாக விரிகிறது, அந்தத் தேக்கத்தை ஒரே வெட்டில் ஒரு செயல் உடைக்கிறது, கதையில் நிகழ்ந்த முதல் முடிவு அவளுடையது என்று காட்டினால் அது விளக்கம். 'ஷான் லெக்சிக்கால்' என்று சொற்குழுவைப் பட்டியல் போட்டுவிட்டு நகர்வதும் இதே நோய்தான். உருவகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு யாரும் மதிப்பெண் தருவதில்லை. அது எதற்காக இருக்கிறது என்பதற்குத்தான் தருகிறார்கள்.

உள்ளடக்கம் ஓர் அச்சு, வடிவம் இன்னோர் அச்சு என்று பிரிக்கவே வேண்டாம். அப்படிப் பிரித்தால் முதல் பகுதி முழுக்கப் பராஃப்ராஸ் ஆகும், இரண்டாம் பகுதி முழுக்கப் பட்டியல் ஆகும்.

டிஸ்ஸெர்த்தசியோன் வேறு விலங்கு. ஒரு கூற்றைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வார்கள். 'நாவல் உண்மையைச் சொல்வதற்குப் பொய்யைப் பயன்படுத்துகிறது' என்று கொடுத்தால், 'நாவலும் உண்மையும்' என்ற பொதுத் தலைப்புக்குத் தாவுவதுதான் ஒர் சுழே. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேளுங்கள். 'பயன்படுத்துகிறது' என்றால் பொய் ஒரு கருவி என்றாகிறது. கருவி என்றால் உண்மை ஏற்கெனவே வெளியே எங்கோ இருக்கிறது என்று அந்தக் கூற்று நம்புகிறது. அந்த நம்பிக்கை சரிதானா? இங்கேதான் ப்ரொப்லெமத்தீக், அதாவது கட்டுரையை நடத்தும் மையக் கேள்வி, பிறக்கிறது. திட்டமும் அதிலிருந்தே வரும். புனைவு உண்மைக்கு வழி விடுகிறது என்பது முதல் பகுதி. புனைவுக்குத் தனக்கென்று ஓர் இன்பமும் ஒரு ஏமாற்றும் உண்டு, அது எப்போதும் உண்மைக்கு ஊழியம் செய்வதில்லை என்பது இரண்டாவது. நாவல் சொல்லும் உண்மை அந்த வடிவத்துக்கு வெளியே இல்லவே இல்லை, எழுதப்படும்போதுதான் உருவாகிறது என்பது மூன்றாவது. மூன்றாம் பகுதியை முதல் இரண்டின் சமரசமாக்கிவிடாதீர்கள். 'இரண்டும் உண்மையே' என்று முடிக்கிற மூன்றாம் பகுதிக்கு எந்தத் திருத்துநரும் மசிய மாட்டார்.

முன்னுரையில் நான்கு உறுப்புகள்: தொடுப்பு, கூற்றை அப்படியே எடுத்துக் காட்டி அதன் சொற்களைப் பகுப்பது, ப்ரொப்லெமத்தீக், திட்ட அறிவிப்பு. 'தொன்றுதொட்டு மனிதன்...' என்று தொடங்கும் தொடுப்பு திருத்துநரின் பொறுமையை முதல் வரியிலேயே தின்றுவிடும்.

நான்கு மணி நேரத் தேர்வில் முதல் ஒரு மணி நேரம் தாளில் கை வைக்காதீர்கள். கூற்றைப் பகுப்பது, உதாரணங்களைத் திரட்டுவது, திட்டம் போடுவது எல்லாம் அதற்குள் முடியட்டும். அடுத்த 30 நிமிடத்தில் முன்னுரையையும் முடிவுரையையும் வரைவுத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதிவிடுங்கள். முடிவுரையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு விட்டவர்கள் அதைச் சோர்ந்த கையால் எழுதுகிறார்கள், தாளில் கடைசியாகப் படிக்கப்படுவதும் அதுவே. உடல்பகுதியை நேராக நல்ல தாளிலேயே எழுதலாம். கடைசி 15 நிமிடம் இலக்கணத்தை மட்டும் பாருங்கள்.

ஒலியன்

உச்சரிப்பு பற்றிக் கேட்டீர்கள். தமிழ் பேசுகிறவர்களுக்குப் பிரெஞ்சு ஒலிகள் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கின்றன. ஆங்கிலத்தின் வழியாகப் போவதால்தான் அவை தொலைந்துபோகின்றன.

பிரெஞ்சின் த, ட்ட இரண்டில் எது என்று கேட்டால், த-தான். நாக்கு நுனி பல்லில் படும். மேசை 'தாப்ல்', 'டாப்ல்' இல்லை. ப, த, க ஒலிகளில் ஆங்கிலம் போல மூச்சு வெடிக்காது, தமிழ் போலவே சொன்னால் சரி. மூக்கொலி உயிர்கள் புதியவை என்று எல்லா வகுப்பிலும் பயமுறுத்துவார்கள். ஆனால் பேச்சில் 'வந்தான்', 'மரம்' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி மெய் உதட்டிலோ பல்லிலோ முட்டாமல் உயிரே மூக்கு வழியாகப் போகிறது. அதே வேலைதான். அதைச் சொல்லின் நடுவிலும் செய்யப் பழக வேண்டும், அவ்வளவே.

இடறுகிற இடங்கள் இவை.

தமிழில் மெல்லெழுத்துக்குப் பின் வரும் வல்லெழுத்து தானாகவே அதிரும். 'தம்பி'யில் வருகிற ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பழக்கத்தில் விளக்கைக் குறிக்கும் 'லாம்ப்' என்ற சொல்லில் அதிராத ப் அதிர்ந்துவிடுகிறது. கூடவே இல்லாத ஒரு ம்-உம் நுழைகிறது. அங்கே ம் எழுத்தில்தான் உண்டு, ஒலியில் கிடையாது. மூக்கொலி உயிர், உடனே அதிராத ப், அவ்வளவுதான்.

ச்-க்கும் அதன் அதிர்வொலிக்கும் வேறுபாடு காட்டாவிட்டால் பொருளே மாறும். மீனும் நஞ்சும் பிரெஞ்சில் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். இரட்டை எழுத்து எழுதினால் அதிராத ச், அது மீன். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எழுத்து நின்றால் அதிர்வோடு ஒலிக்கும், அது நஞ்சு.

'தஸ்யூ' என்றால் மேலே, 'தசூ' என்றால் கீழே. முதல் சொல்லின் உயிருக்கு நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். நாக்கை நகர்த்தாமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள். தமிழ் எழுத்தில் 'யூ' என்று எழுதுகிறோமே தவிர அதில் யகரம் கிடையாது.

சொல்லிறுதி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்து ஒலிப்பது லியேசோன். அதில் கட்டாயம், விருப்பம், தடை என்று மூன்று வகை. தடைதான் அவமானத்தில் கொண்டுவிடும். 'ஏ' என்ற உம்மைச் சொல்லுக்குப் பின் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நாயகர்கள் என்ற 'லே ஏரோ'வில் சேர்த்தால் 'சுழியங்கள்' என்று கேட்கும். ஆனால் நாயகியர் என்று வரும்போது சேர்த்தே ஆக வேண்டும்! ஒரே குடும்பத்துச் சொல்லாக இருந்தும் ஆண்பாலின் முதல் எழுத்து இணைப்பைத் தடுக்கும், பெண்பாலில் தடுக்காது.

பயிற்சிக்கு 30 வினாடி வானொலிச் செய்தி போதும். கேட்டு எழுதுங்கள், மூல வடிவோடு ஒப்பிடுங்கள், மூச்சுக் குழுக்களைக் கோடிட்டுப் பிரியுங்கள், லியேசோன்களை வளைகோட்டால் குறியுங்கள், பிறகு பதிவு செய்து கேளுங்கள். அழுத்தம் ஒவ்வொரு குழுவின் கடைசி அசையிலும் விழ வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தினால் ஒலி ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் கேட்பவருக்குப் புரியாது.

புதுவரவு

ரொம்ப நன்றி ஒலியன். ஒரு துணைக்கேள்வி: கவிதைத் தாளில் 12 அசை எண்ணச் சொல்கிறார்கள். எண்ணும்போது சில வரியில் 13 வருகிறது, சிலதில் 11. ஏன்?

யாப்புக்காரி

பேச்சு பிரெஞ்சில் எண்ணுவதால்தான். செய்யுளுக்குத் தனிக் கணக்கு உண்டு.

அலெக்சாந்த்ரேன் அடிக்கு 12 அசை, ஆறாவது அசைக்குப் பின் செஸ்யூர் என்ற முறிவு. சிக்கல் முழுவதும் 'எ காத்யூக்' என்ற நலிந்த உயிரில் இருக்கிறது. விதி மூன்று. மெய்க்கு முன் வந்தால் எண்ணு. உயிருக்கு முன் வந்தால் விட்டுவிடு. அடியின் கடைசியில் வந்தால் எண்ணாதே.

மூன்றும் ஒரே அடியில் வருமாறு பயிற்சிக்காகக் கட்டிய அடி இது: 'லா நுயி தோம்ப சான் ப்ருயி, சூர் லா வில் ஆந்தோர்மி'. உறங்கும் நகரத்தின் மேல் இரவு ஓசையின்றி இறங்குகிறது என்பது பொருள். பேச்சில் 'தோம்ப்' ஓரசை. இங்கே அடுத்து மெய் வருவதால் 'தோம்-ப' என்று இரண்டாக எண்ண வேண்டும். லா, நுயி, தோம், ப, சான், ப்ருயி: ஆறு ஆயிற்று, முறிவும் சரியான இடத்தில். பிறகு சூர், லா, வி, லாந், தோர், மி. நகரம் என்ற சொல்லின் இறுதி நலிந்த உயிர் அடுத்த சொல்லின் உயிரில் கரைந்து 'லாந்' ஆகிவிட்டது. கடைசிச் சொல்லின் இறுதியில் எழுத்தில் உள்ள நலிந்த உயிர் கணக்கில் இல்லை, ஆனால் அது இருப்பதால்தான் அந்த இயைபுக்குப் பெண்பால் இயைபு என்று பெயர். மொத்தம் 12.

அப்படியும் 11 வந்தால் தியேரேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 'பாசியோன்' பேச்சில் இரண்டசை, மரபுச் செய்யுளில் 'பா-சி-ஓன்' என்று மூன்று. இப்படி நீட்டிய சொல்லைச் சும்மா எண்ணிவிட்டுப் போகாதீர்கள். முறிவுக்கு முன்போ இயைபிலோ அது நின்றால் கொமாந்த்தேரில் ஒரு நல்ல பத்திக்கு அதுவே பொருள்.

தமிழ் யாப்பு தெரிந்தவர்கள் நேர், நிரை, தளை என்று தேட வேண்டாம். பிரெஞ்சில் குறில் நெடில் கணக்கே கிடையாது. நெருங்கிய உறவு கட்டளைக் கலித்துறைதான். ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாடுவோமே, நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று, அந்த மனநிலையோடு போனால் பிரெஞ்சு அடி உடனே வசப்படும். இந்த ஒற்றுமையை ஏன் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை என்று வருத்தமாகவே இருக்கிறது.

பெயர்ப்பாளி

மொழிபெயர்ப்புத் தாளுக்கு வருகிறேன். பிரெஞ்சிலிருந்து நம் மொழிக்கு வருவது வெர்சியோன், நம் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போவது தேம். இரண்டிலும் பிரெஞ்சு முறைத் திருத்தம் என்றால் பிழைப்புள்ளி கழிக்கும் முறை. பொருள் சற்று விலகினால் ஃபோ-சான்ஸ், அது சிறிய பிழை. பொருள் தவறிப்போனால் கோந்த்ர-சான்ஸ், பெரிய பிழை. எழுதிய வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்றால் நோன்-சான்ஸ், அதைவிடப் பெரியது. மொழியில் இல்லாத வடிவத்தை உண்டாக்கினால் பார்பரிஸ்ம், தொடரமைப்பு உடைந்தால் சொலெசிஸ்ம். தெரியவில்லை என்று ஒரு சொல்லையோ தொடரையோ விட்டுவிட்டால் வழக்கமாக அதற்கு மிகக் கடுமையான தண்டனை. ஆகவே வெற்றிடம் விடாதீர்கள், ஊகித்தாவது எழுதுங்கள். ஃபோ-சான்ஸ் மலிவு.

தேமில் தமிழ்க்காரர்களுக்கு இரண்டு இடம் எப்போதும் வழுக்கும். ஒன்று ஆர்ட்டிக்கிள். 'தண்ணீர் குடித்தான்' என்பதில் தமிழ் எதையும் சேர்ப்பதில்லை, பிரெஞ்சு பகுதியைக் குறிக்கும் ஆர்ட்டிக்கிளைக் கேட்கும். அதே வாக்கியம் எதிர்மறையானால் அது சுருங்கி வெறும் 'த' ஆகும். இரண்டாவது பால். நமக்குப் பால் பொருளின் தன்மையைப் பொறுத்தது, அவர்களுக்குச் சொல்லின் வாலைப் பொறுத்தது. 'சியோன்', 'தே' என்று முடியும் கருத்துப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். 'மான்', 'இஸ்ம்', 'ஆழ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். 'ஆழ்' வகையில் பக்கம், கடற்கரை, படம், கூண்டு ஆகிய சொற்கள் பெண்பால், அவற்றைத் தனியே மனப்பாடம் செய்யுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 'எனக்குப் பிடிக்கிறது', 'எனக்கு வேண்டும்' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் பிரெஞ்சின் ப்லேர், ஃபல்வார் வினைகள் அப்படியே செய்கின்றன. 'நீ இல்லாமல் ஏங்குகிறேன்' என்பதற்கான மான்கே வினையிலும் 'நீ'தான் எழுவாய், 'எனக்கு'தான் உணர்பவர். ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர்கள் அங்கே தலைகீழாக எழுதிக் கோந்த்ர-சான்ஸ் வாங்குகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போங்கள்.

வெர்சியோனில் உண்மையான சோதனை ஸ்தீல் ஆந்திரெக்த் லீப்ர், அதாவது பாத்திரத்தின் எண்ணம் கதைசொல்லியின் குரலில் கலந்து வருவது. 'என்று நினைத்தாள்' போன்ற வினை இருக்காது. ஆம்பார்ஃபே இருக்கும், வியப்புக்குறியோ கேள்விக்குறியோ இருக்கும், பாத்திரத்துக்கே உரிய சொற்கள் இருக்கும். தமிழின் கை தானாகவே 'என்று' போடப் போகும். போட்டால் கதைசொல்லியும் பாத்திரமும் பிரிந்துவிடும், பனுவல் செத்துவிடும். 'அவன் வரமாட்டானா! ஏன் வர வேண்டும்?' என்று குரலை அப்படியே தொங்கவிடுங்கள்.

புதுவரவு

நாவல் வாசிப்புக்கும் யாராவது சொல்லுங்களேன். முதலில் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு மூலத்துக்குப் போகலாமா?

வரிக்குவரி

கூடாது என்பேன். கதை தெரிந்துவிட்டால் கண் வாக்கியத்தைப் படிக்காது, அடையாளம் மட்டும் கண்டுகொண்டு ஓடும். தேர்வில் கேட்பது வாக்கியத்தை.

அகராதிப்பித்து

இதில் வரிக்குவரியோடு உடன்பட முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் 500 பக்க நாவல் இரண்டு வாரத்தில் வேண்டும் என்றால், மொழிபெயர்ப்பை ஒருமுறை வேகமாகப் படித்துக் கட்டமைப்பை எழுதிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நாடகமும் கவிதையும் அப்படிப் படித்தால் வீண். அங்கே கதை என்பது பாதிகூட இல்லை.

மூலத்தைப் படிக்கும் முறை: முதல் 30 பக்கத்துக்கு மட்டும் அகராதி. ஒவ்வொரு ஆசிரியருக்கும் திரும்பத் திரும்ப வரும் சொல்வளம் ஒன்று உண்டு, அது அங்கேயே வந்துவிடும். பிறகு ஒரே சொல் மூன்றாம் முறை வந்தால் மட்டும் பாருங்கள். அத்தியாயத்துக்கு மூன்று வரி: யார் பார்க்கிறார், எங்கே, என்ன மாறுகிறது. பின்னால் மேற்கோள் தேடுவதற்குப் பக்க எண்.

பாஸே சாம்ப்ளை எழுத வேண்டியதில்லை, அடையாளம் கண்டால் போதும். கதையில் பெரும்பாலும் மூன்றாம் ஆளில்தான் வரும். ஒலியில் நான்கே வகை முடிவு, ஒவ்வொன்றிலும் ஒருமை, பன்மை முறையே: ஆ-ஏர், ஈ-ஈர், யூ-யூர், மூக்கொலியில் முடியும் ஏன்-ஏன்ர். கடைசி வகை வருதல், பிடித்தல் என்ற வினைகளின் குடும்பத்துக்கு மட்டும். கண்ணை ஏமாற்றுவது ஒன்று உண்டு: 'வி' என்ற வடிவம் பார்த்தான் என்றும் ஆகும், வாழ்கிறான் என்றும் ஆகும், எழுத்து ஒன்றே. சுற்றியுள்ள வினைகளின் காலம்தான் தீர்ப்புச் சொல்லும்.

அகராதிக்கு வருகிறேன். இன்றைய பொருளுக்குப் பெத்தி ரொபேர். இலக்கியத்துக்குத் த்ரெசோர் த லா லாங்க் ஃப்ரான்சேஸ், 1971-இலிருந்து 1994 வரை 16 தொகுதிகளாக வந்தது, இணையத்தில் இலவசம். 19-ஆம் நூற்றாண்டுக்கு லித்ரே. 17-ஆம் நூற்றாண்டுக்கு 1690-இல் வெளிவந்த ஃப்யூர்த்தியேர், 1694-இல் வந்த அகாதெமியின் முதல் பதிப்பு.

ஏன் இத்தனை என்றால், 17-ஆம் நூற்றாண்டு நாடகத்தில் தெரிந்த சொற்கள்தான் காலை வாரும். 'என்னுயி' இன்று சலிப்பு, அன்று தாங்க முடியாத துயரம். 'எத்தொன்னே' இன்று வியக்கவைப்பது, அன்று இடி விழுந்தது போல நிலைகுலையவைப்பது. 'ழேன்' இன்று சங்கடம், அன்று சித்திரவதை. 'ஷார்ம்' இன்று வசீகரம், அன்று மந்திரக்கட்டு. 'ஸ்யுக்சே' என்றால் வெற்றி என்று எழுதினால் தவறு, அன்று நல்லதோ கெட்டதோ முடிவு என்று மட்டும் பொருள். துயரத்தில் கதறும் பாத்திரம் 'சலிப்படைகிறது' என்று எழுதிய ஒரே வரியில் கொமாந்த்தேர் முழுதும் சரிந்துவிடும்.

நாட்கோடு

பண்பாட்டுத் தாளை, அவர்கள் மொழியில் சிவிலிசாசியோனை, யாரும் தொடவில்லை. அதை மனப்பாடத் தாளாக நினைப்பதுதான் முதல் கேடு. ஆவணம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதன் வகை, எழுதியவர், தேதி, யாருக்காக, எந்தச் சூழலில் என்று ஐந்தையும் சொன்ன பிறகே உள்ளடக்கத்துக்குப் போக வேண்டும்.

ஆட்சிமுறைகளின் வரிசை விரல் நுனியில் இருக்கட்டும். முதல் குடியரசு 1792, முதல் பேரரசு 1804, முடியாட்சி மீட்சி, 1830-இல் ஜூலை முடியாட்சி, 1848-இல் இரண்டாம் குடியரசு, 1852-இல் இரண்டாம் பேரரசு, 1870-இல் மூன்றாம் குடியரசு, 1940-இல் ஜெர்மனியுடன் ஒத்துழைத்த விஷி அரசு, 1946-இல் நான்காவது, 1958-இலிருந்து ஐந்தாவது. 1789 ஜூலை 14 அன்றே மன்னராட்சி ஒழிந்தது என்று எழுதுகிறவர்கள் ஏராளம். குடியரசு வந்தது மூன்று ஆண்டு கழித்து, மன்னருக்கு மரணதண்டனை 1793 ஜனவரியில்.

இந்த வரிசை இலக்கியத் தாளுக்கும் தேவை. கதை நடக்கும் காலமும் எழுதப்பட்ட காலமும் வேறாக இருக்கும். 1857-இல் நாவலாசிரியர் ஃப்லொபேர், கவிஞர் பொத்லேர் இருவர் மீதும் ஒழுக்கக்கேடு என்று வழக்கு நடந்தது. முன்னவர் விடுவிக்கப்பட்டார். பின்னவருக்கு அபராதம் விதித்து ஆறு கவிதைகளை நீக்கினார்கள். அது இரண்டாம் பேரரசின் நீதிமன்றம். ஆனால் ஃப்லொபேரின் அந்த நாவல், 'மதாம் பொவாரி', நடப்பது ஜூலை முடியாட்சியில். இரண்டையும் கலந்து எழுதினால் வாதம் நிற்காது. அதே போல 19-ஆம் நூற்றாண்டு நாவலில் பணம் வந்தால்: 20 சூ ஒரு ஃபிராங்க், நூறு சூ என்றால் ஐந்து ஃபிராங்க், ஒரு லூயி 20 ஃபிராங்க். இது தெரியாவிட்டால் யார் ஏழை, யார் பணக்காரர் என்பதே புரியாது.

'லாயிசித்தே'யை 'மதச்சார்பின்மை' என்று பெயர்த்துவிட்டு நகராதீர்கள். தமிழில் அந்தச் சொல் எல்லா மதத்துக்கும் சம மதிப்பு என்ற பொருளைக் கூட்டி வருகிறது. 1905 டிசம்பர் 9 சட்டம் சொல்வது வேறு: அரசு மனச்சான்றின் சுதந்திரத்துக்கு உறுதி தருகிறது, எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, அதற்குச் சம்பளமோ மானியமோ கொடுப்பதில்லை. அல்சாஸும் மோசெலும் அன்று ஜெர்மனியிடம் இருந்ததால் அங்கே இச்சட்டம் இன்றும் செல்லுபடியாவதில்லை. இந்த விதிவிலக்கைக் குறிப்பிடும் விடைத்தாள் தனித்துத் தெரியும்.

புதுவரவு

அருமை. கடைசியாக ஒன்று: முதுகலைக்கு அங்கே போக நினைப்பவர்களுக்குச் சான்றிதழ் எந்த அளவு வேண்டும்?

அகராதிப்பித்து

பி2 பொதுவான வாசல். இலக்கியத் துறைகளில் பல இடங்களில் சி1 கேட்பார்கள். தெல்ஃப் (பி2 வரை), தால்ஃப் (சி1, சி2) சான்றிதழ்களுக்குக் காலாவதி இல்லை, டிசிஎஃப் என்ற மொழியறிவுத் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். தெல்ஃப், தால்ஃபில் 100-க்கு 50 தேர்ச்சி, நான்கு பகுதியிலும் 25-க்கு 5-க்குக் கீழே போகக் கூடாது.

சி1 எழுத்துத் தேர்வில் சேந்தேஸ் என்ற தொகுப்புரைதான் பலரைக் கவிழ்க்கும். பல ஆவணங்களைச் சுமார் 220 சொல்லில் ஒரே உரையாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி அடுக்கினால் அது தொகுப்புரை ஆகாது. சொந்தக் கருத்தும் வெளித் தகவலும் ஒரு வரிகூட வரக் கூடாது. அதற்கான இடம் அடுத்து வரும் 250 சொல் கட்டுரை. இரண்டு நெடுக்குப் பத்தி போட்டு, ஆவணங்கள் ஒத்துப்போகும் கருத்துகளை ஒன்றிலும் முரண்படுபவற்றை மற்றொன்றிலும் எழுதிப் பாருங்கள். திட்டம் தானாக வரும்.

யாப்புக்காரி

தாள் கொடுப்பதற்கு முன் அச்சு மரபையும் பார்த்துவிடுங்கள், சும்மா போகிற மதிப்பெண் அது. மேற்கோளுக்கு இரட்டைக் கோண அடைப்பு, உள்பக்கம் இருபுறமும் இடைவெளி. அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி நான்குக்கும் முன்னால் இடைவெளி விட வேண்டும். நூல் பெயர் கையெழுத்தில் அடிக்கோடு, தட்டச்சில் சாய்வெழுத்து. கவிதைத் தலைப்பு மட்டும் மேற்கோள் குறிக்குள். பிரெஞ்சுக்காரர் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து, பிரெஞ்சு மொழிக்கும் பிரெஞ்சு என்ற அடைமொழிக்கும் சின்ன எழுத்து. 1990 எழுத்துத் திருத்தத்தை ஏற்றுச் சில சொற்களின் கூரைக்குறியை (^) விட்டால் தாள் முழுவதும் அப்படியே எழுதுங்கள். பாஸே சாம்ப்ள், சப்ஜோங்க்திஃப் வினைவடிவங்களிலும், குறி போனால் வேறு சொல்லோடு குழம்பும் சில சொற்களிலும் அதை எடுக்கவே கூடாது.

கற்பிக்கும் பதிப்பையே வாங்குங்கள் என்று வரிக்குவரி சொல்ல மறந்துவிட்டார். பக்க எண் மாறினால் வகுப்பில் பாதி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

வரிக்குவரி

ஆமாம், விட்டுப்போயிற்று. பழைய பதிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் ஏராளம் இலவசமாக இருக்கின்றன. புதுவரவு, ஒரு 25 வரிப் பகுதிக்குக் கொமாந்த்தேர் திட்டம் மட்டும் போட்டு இங்கேயே இடுங்கள். முழுக் கட்டுரை வேண்டாம். அச்சு, துணை அச்சு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மேற்கோள், பக்கத்தில் 'இது என்ன வேலை செய்கிறது' என்று ஒரு வரி. எல்லோரும் பார்த்துத் திருத்தலாம்.

புதுவரவு

ஞாயிற்றுக்கிழமைக்குள் இடுகிறேன். கவிதையா உரைநடையா?

வரிக்குவரி

உரைநடை. ஆம்பார்ஃபேயும் பாஸே சாம்ப்ளும் கலந்து வருகிற பகுதியாகப் பாருங்கள்.